நைட் செக்கிங்ல பேக், பாக்கெட், போன் வரைக்கும் பார்க்கறாங்களே, சட்டத்துல இதுக்கு இடம் இருக்கா?

கேரட்வண்டி, கோத்தகிரி

எல்லாருக்கும் வணக்கம். சட்டம் தெரிஞ்சவங்க கொஞ்சம் தெளிவா சொல்லுங்க. நான் மினி லாரி ஓட்டறேன். நடு ராத்திரியில தோட்டத்துல கேரட் பிடுங்கி, மெஷின்ல கழுவி, மூட்டை ஏத்தி, விடியறதுக்குள்ள மேட்டுப்பாளையம் மண்டியில இறக்கியாகணும், லேட்டானா ஏலம் போயிடும். வழியில நிறுத்தறாங்க, நிறுத்தட்டும், லைசன்ஸ் ஆர்சி இன்சூரன்ஸ் எல்லாம் கேக்கட்டும், எடுத்து நீட்டிடறேன். இப்ப கொஞ்ச காலமா அதோட விடறதில்ல. தார்ப்பாய் கயிறை அவிழ்க்கச் சொல்லி மூட்டைக்குள்ள கம்பி விட்டுக் குத்திப் பார்க்கறாங்க, கழுவின கேரட்டுல கம்பி பட்டா முறிஞ்சு போயிடும், மண்டியில அந்த மூட்டையை ரெண்டாந்தரத்துல தள்ளிடுவாங்க. கூட வர்ற லோடுமேன் பையன் பாக்கெட்டுக்குள்ள கை விட்டுப் பார்க்கறாங்க, அவன் போனை வாங்கி லாக் எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப், போட்டோ எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்க்கறாங்க. சார் என்ன சந்தேகம்னு கேட்டா "செக்கிங்" அப்டிங்கறாங்க, அவ்வளவுதான்.

எந்த இடம்னு நான் எழுதல, ஒரு இடத்துப் பிரச்சினையா இதை ஆக்க வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான், காரணமே சொல்லாம இவ்வளவும் பண்ண போலீசுக்கு அதிகாரம் இருக்கா இல்லையா?

மஞ்சூர் டீச்சர்

தம்பி, உங்க கஷ்டம் புரியுது. ஆனா நான் ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பார்க்கறவ, எட்டாவது ஒன்பதாவது படிக்கற பிள்ளைங்க பையில என்னென்ன வருதுன்னு நேர்ல பார்க்கறவ. குட்கா போயி இப்ப கஞ்சா பொட்டலம் வரைக்கும் வந்தாச்சு. அது மலையில முளைக்கல, கீழருந்து வண்டியிலதான் ஏறி வருது. ஒரு வண்டி விடாம பார்க்கட்டும்னுதான் நான் சொல்வேன். அரை மணி நேரம் லேட்டானா என்ன, ஒரு பிள்ளை தப்பிச்சா போதாதா.

ரிட்டயர்டு ஏட்டு, குன்னூர்

டீச்சரம்மா சொன்னதோட சேர்த்து நானும் சொல்றேன். பர்லியார்லயும் குஞ்சப்பனையிலயும் பனியில நின்னவன் நான். காய்கறி லோடுக்குள்ள, சிமெண்ட் மூட்டைக்குள்ள, ஸ்டெப்னி டயருக்குள்ள எல்லாம் கஞ்சா வந்திருக்கு. 2021 டிசம்பர்ல கஞ்சா வேட்டைன்னு மாநிலம் முழுக்க ஆரம்பிச்சப்போ எல்லா செக்போஸ்ட்லயும் ஆள் போட்டாங்க, அது சும்மா போடல. கம்பி விட்டுப் பார்க்காம லோடுக்குள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம், திறந்து காட்டிட்டுப் போக வேண்டியதுதானே. காரணம் சொல்லிட்டே இருந்தா விடிஞ்சிரும் தம்பி.

குன்னூர் ஜூனியர்

நான் கோர்ட்டுல ஜூனியரா இருக்கேன். ஏட்டய்யா மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா "தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்" அப்டிங்கறது சட்டம் கிடையாது. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

எல்லாரும் "செக்கிங்"னு ஒரே பேர்ல கூப்பிடறோம், ஆனா சட்டத்துல இது தனித்தனி விஷயங்க. வண்டியை நிறுத்தி லைசன்ஸ் கேக்கறது 1988 மோட்டார் வாகனச் சட்டம் 130-வது பிரிவு. யூனிஃபார்ம்ல இருக்கற எந்த போலீஸ்காரர் கேட்டாலும் டிரைவர் காட்டணும், அதுக்கு அவர் சந்தேகமும் படவேண்டாம் காரணமும் சொல்லவேண்டாம். டிஜிலாக்கர்ல, எம்பரிவாஹன்ல காட்டினாலும் செல்லும், பேப்பர்தான் வேணும்னு அடம்பிடிக்க முடியாது. குடிச்சிருக்கியான்னு ஊதச் சொல்றதுக்கும் அதே சட்டத்துல தனிப் பிரிவு இருக்கு. ஆனா அந்தச் சட்டம் பூரா தேடினாலும் சும்மா நிறுத்தின வண்டியில உன் பையைத் திற, பாக்கெட்டைக் காட்டுன்னு சொல்ற அதிகாரம் கிடையாது. அது டிராஃபிக் சட்டம்தான்.

பையைத் திறக்கணும்னா வேற சட்டத்துக்குப் போகணும். கஞ்சான்னா 1985 போதைப்பொருள் சட்டம், என்டிபிஎஸ்னு சொல்வாங்க. அதுல 49-வது பிரிவு வண்டியை எந்த நேரத்துலயும் நிறுத்தி சோதிக்கலாம்னு சொல்லுது, மூட்டையைக் கூட பிரிக்கலாம், வாரண்ட் வேண்டாம். ஆனா எப்போ? இந்த வண்டியில போதைப்பொருள் போகுதுன்னு சந்தேகப்பட காரணம் இருந்தா. 42-வது பிரிவுலயும் அப்படித்தான், கிடைச்ச தகவலை எழுதி வைக்கணும், எழுதினதை 72 மணி நேரத்துக்குள்ள மேலதிகாரிக்கு அனுப்பணும், அதுவும் கான்ஸ்டபிளுக்கு மேல உள்ள அதிகாரிக்குத்தான் அந்த அதிகாரம். பொதுவான கிரிமினல் நடைமுறைச் சட்டத்துலயும், அதாவது 2024 ஜூலை 1-லருந்து வந்த பிஎன்எஸ்எஸ்ல 185-வது பிரிவுப்படி, விசாரணைக்காக வாரண்ட் இல்லாம தேடறதா இருந்தா என்ன தேடறோம், ஏன் அவசரம்னு அதிகாரி எழுதிட்டுத்தான் தேடணும்.

ஆக கேள்விக்கு நேர் பதில்: நிறுத்தலாம். பேப்பர் கேக்கலாம். டார்ச் அடிச்சு வெளியிலருந்து தெரியறதைப் பார்க்கலாம். அதுக்கு மேல போகணும்னா இந்த வண்டி மேல, இந்த ஆள் மேல ஒரு காரணம் வேணும். "இந்த ரோட்டுல கஞ்சா வருது" அப்டிங்கறது ரோட்டைப் பத்தின தகவல், உங்களைப் பத்தின சந்தேகம் இல்ல.

ரிட்டயர்டு ஏட்டு, குன்னூர்

வக்கீல் தம்பி, புக்குல எல்லாம் சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வண்டி வருது, டிரைவர் வேர்க்கறான், ஊட்டி குளிர்ல வேர்க்கறான். கேட்ட கேள்விக்கு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம பதில் சொல்றான். இது சந்தேகமா இல்லையா? இதை எழுதிட்டு உக்காந்தா அவன் பர்லியார் தாண்டி கல்லார் போயிருவான்.

குன்னூர் ஜூனியர்

ஏட்டய்யா, அது நல்ல சந்தேகம். கோர்ட்டுலயும் நிக்கும். நீங்க அந்த ஆளைப் பார்த்தீங்க, கேட்டீங்க, பதில் ஒட்டல, அதனால திறந்தீங்க. சட்டம் கேக்கறது அதைத்தான். நான் சொல்றது வர்ற எல்லாரையும் வரிசையா இறக்கி பாக்கெட்ல கைவிடறதைப் பத்தி. அங்க சந்தேகமே இல்லையே, பழக்கம்தானே இருக்கு.

கூடலூர் எஸ்டேட் லைன்

வரிசையா எல்லாரையும்னு சொன்னாக்கூட பரவால்ல வக்கீல் சார். எல்லாரையும் இல்ல. எங்க பக்கம் நாடுகாணி, பாட்டவயல், தாளூர், கக்கநல்லான்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பார்டர். டூரிஸ்ட் கார் வந்தா இ-பாஸ் ஸ்கேன் பண்றாங்க, ப்ளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னு கேக்கறாங்க, போங்க சார்னு அனுப்பறாங்க. பைக்ல எங்க லைன் வீட்டுப் பசங்க ரெண்டு பேர் வந்தா இறங்கு, எங்க வேலை, அப்பன் பேர் என்ன, எந்த டிவிஷன், ஷூவைக் கழட்டு. முடி கொஞ்சம் நீளமா விட்டிருந்தா கேக்கவே வேண்டாம். எங்க தாத்தா பாட்டி 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்லருந்து வந்து இந்த டீத்தோட்டத்துல உழைச்சவங்க, மூணு தலைமுறையா இங்கயே இருக்கோம், இன்னும் எங்களை வெளியாள் மாதிரி கேள்வி கேக்கறாங்க.

என் தம்பி ஐடிஐ படிக்கறான். பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் பார்க்க அவனைச் சுவத்துப் பக்கம் திருப்பி நிக்க வச்சு தடவிப் பார்த்தாங்க, ஒண்ணும் இல்ல, போன்னாங்க. அவன் கூடப் படிக்கற பொண்ணுங்க அங்கதான் நின்னுட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் அவன் காலேஜ் போகல. டீச்சரம்மா அரை மணி நேரம்தானேங்கறாங்க, அவனுக்குப் போனது அரை மணி நேரம் இல்லங்க.

மஞ்சூர் டீச்சர்

தம்பி, படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. உங்க தம்பி மாதிரி பிள்ளைங்கதான் என் வகுப்புலயும் உக்காந்திருக்காங்க. நான் செக்கிங் வேணும்னு சொன்னது அவங்களைக் காப்பாத்தத்தான், அவங்களைச் சுவத்துல நிறுத்த இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன், காரணம் இருந்தாத்தான் பார்க்கணும்னா விக்கறவன் நல்லா டிரஸ் பண்ணி கார்ல வந்துட்டா எப்படிப் பிடிக்கறது?

குன்னூர் ஜூனியர்

நல்ல கேள்வி டீச்சர். பெரிய சரக்கு பிடிபட்ட கேஸ் பேப்பரை எடுத்துப் பார்த்தீங்கன்னா பெரும்பாலும் "ரகசியத் தகவல் கிடைத்தது"ன்னுதான் ஆரம்பிக்கும். வண்டி நம்பர், வர்ற நேரம், ரூட் தெரிஞ்சு காத்திருந்து பிடிக்கறாங்க. நல்ல டிரஸ் போட்டு கார்ல வர்றவன் பாக்கெட்டைத் தடவற செக்கிங்ல சிக்க மாட்டான், அதுல சிக்கறது பீடிக்கட்டோட வர்ற லோடுமேன்தான்.

இன்னொண்ணு முக்கியமா சொல்லணும், உடம்புல சோதனை போடறது பத்தி. என்டிபிஎஸ் 50-வது பிரிவுப்படி ஒருத்தரை உடம்புல தேடறதுக்கு முன்னாடி, "உங்களுக்கு கெசட்டட் ஆபீசர் முன்னாடியோ மாஜிஸ்ட்ரேட் முன்னாடியோ சோதனை போடச் சொல்ற உரிமை இருக்கு"ன்னு போலீஸ் அவங்களாவே சொல்லணும். நாம கேக்கற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. 1999-ல பல்தேவ் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி பெஞ்ச் இதைச் சொல்லிச்சு, 2010-ல விஜயசிங் ஜடேஜா கேஸ்ல மறுபடி அஞ்சு பேர் உக்காந்து, இதுல அரைகுறையா செஞ்சா போதாது, கறாரா கடைப்பிடிக்கணும்னு முடிச்சாங்க. சொல்லாம பாக்கெட்லருந்து எடுத்தா அதை வச்சு மட்டும் தண்டனை கொடுக்க முடியாது. ஆனா பை, சூட்கேஸ், வண்டிக்கு இது பொருந்தாது, உடம்புக்கு மட்டும்தான். 2005-ல பவன் குமார் கேஸ்லயும் 2023-ல ரஞ்சன் குமார் சத்தா கேஸ்லயும் பை வேற உடம்பு வேறன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. என் கருத்து, பைக்கும் அந்தப் பாதுகாப்பு இருந்திருக்கணும், ஆனா தீர்ப்பு தீர்ப்புதான்.

வட்டக்கானல் ஹோம்ஸ்டே

கொடைக்கானல்லருந்து எழுதறேன். எங்க பக்கமும் இதே கதைதான், இங்க கஞ்சாவோட போதைக் காளானும் சேர்ந்துக்குது. பெங்களூர், கேரளாவிலருந்து வர்ற காலேஜ் பசங்க வண்டின்னா காமக்காபட்டியிலருந்து மேல வர்றதுக்குள்ள எல்லாத்தையும் கிளறிடறாங்க. நான் அதைத் தப்புன்னு சொல்லல, அந்தக் காளானைத் தேடி வர்றவங்களும் இருக்காங்க, அதைத் தின்னுட்டு மலை விளிம்புல நின்னவங்களை நானே பார்த்திருக்கேன், அதுவும் என்டிபிஎஸ்ல வர்ற பொருள்தான்.

ஆனா எனக்கு இருக்கற கேள்வி பொம்பளைங்களைப் பத்தி. ராத்திரி நேரம், ஒரு பெண் போலீஸ் கூட இல்ல. கார்ல வர்ற பொண்ணுங்க ஹேண்ட்பேக்கை ஆம்பளை போலீஸ் கொட்டிப் பார்க்கறாரு, உள்ள இருக்கற நாப்கின் வரைக்கும் ரோட்டுல விழுது. என் வீட்டுல தங்க வந்த ஒரு பொண்ணு அழுதுட்டே சொல்லிச்சு. இது சரியா?

குன்னூர் ஜூனியர்

அக்கா, பெண்ணோட உடம்பை பெண்தான் சோதிக்கணும், அதுவும் கண்ணியமா. என்டிபிஎஸ் 50-லயும் இருக்கு, பிஎன்எஸ்எஸ் 49, 103-லயும் இருக்கு. இதுக்கு விதிவிலக்கே கிடையாது, ராத்திரி ஆள் இல்லன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, ஆள் இல்லன்னா ஆள் வர்ற வரைக்கும் தொடக்கூடாது. ஹேண்ட்பேக் உடம்புல சேராதுன்னு மேல சொன்ன தீர்ப்பை வச்சு வாதாடலாம், ஆனா ரோட்டுல கொட்டறது எந்தச் சட்டத்துலயும் இல்ல. சந்தேகத்துக்குக் காரணம் இல்லாம தேடினாலோ, தொந்தரவு பண்ணணும்னே ஒருத்தரை நிறுத்தி சோதிச்சாலோ என்டிபிஎஸ் 58-வது பிரிவுல அந்த அதிகாரிக்கு 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 1,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட போடலாம். இந்தப் பிரிவு இருக்கறது மக்களுக்குத் தெரியறதே இல்ல.

மசினகுடி ஜீப்

ஃபாரஸ்ட் செக்போஸ்ட்ல நிறுத்தறது இதுல வருமா? எங்களுக்கு போலீசை விட அவங்கதான் ஜாஸ்தி.

குன்னூர் ஜூனியர்

அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அங்கயும் 50-வது பிரிவுதான். வண்டியை நிறுத்தலாம், சாமானைத் திறந்து பார்க்கலாம், ஆனா அந்தச் சட்டப்படி குற்றம் நடந்திருக்குன்னு நம்ப நியாயமான காரணம் வேணும்னு ஆரம்பத்துலயே எழுதியிருக்கு. ராத்திரி 9-லருந்து காலை 6 வரைக்கும் பந்திப்பூர் பக்கம் ரோட்டை மூடறது வேற, அது வண்டி போகறதுக்குத் தடை.

கேரட்வண்டி, கோத்தகிரி

வக்கீல் சார், போன் மேட்டர் சொல்லாம விட்டுட்டீங்க. எங்க பையன் ரொம்ப மனசு உடைஞ்சு போயிட்டான். அவன் கல்யாணம் பேசி வச்சிருக்கற பொண்ணு அனுப்பின வாய்ஸ் மெசேஜை ரோட்டுல வச்சு சவுண்டா போட்டுக் கேட்டாங்க.

குன்னூர் ஜூனியர்

மன்னிக்கணும் அண்ணா, படிக்கவே ஆத்திரமா வருது. போன்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்ல, ரோட்டுல நிறுத்தி லாக் எடுக்கச் சொல்லி மெசேஜ் படிக்கறதுக்கு ஒரு சட்டமும் இடம் கொடுக்கல. 2017 ஆகஸ்ட்ல புட்டசாமி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொல்லிட்டாங்க, அதுல கைவைக்கணும்னா அதுக்குன்னு ஒரு சட்டம் இருக்கணும், நியாயமான நோக்கம் இருக்கணும், தேவைக்கு மேல போகக்கூடாது. 1954-ல எம்.பி. சர்மா கேஸ்ல தேடுதலுக்கு எதிரா அந்தரங்க உரிமைன்னு ஒண்ணு நம்ம அரசியல் சட்டத்துல இல்லன்னு சொல்லியிருந்தாங்க, அந்தக் கருத்தையும் இதே தீர்ப்புலதான் ஒதுக்கினாங்க. 2021-ல கர்நாடகா ஹைகோர்ட் ஒரு போதைப்பொருள் கேஸ்ல, போனுக்குள்ள தேடணும்னா வாரண்ட் வாங்கு, ரொம்ப அவசரம்னா காரணத்தை எழுதி வச்சுட்டுத் தேடுன்னு சொல்லியிருக்கு. நம்ம ஹைகோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனா எடுத்துக் காட்டலாம். கேஸ் போட்டு விசாரணையில இருக்கற போனுக்கே இவ்வளவுன்னா லோடுமேன் பையன் போனுக்கு என்ன சொல்றது.

ஹாரோ படுகன்

லண்டன் பக்கத்துல இருக்கேன், சொந்த ஊர் கேத்தி பக்கம். இங்கயும் இதே சண்டை பல வருஷம் நடந்தது. 2000-ல வந்த தீவிரவாதத் தடுப்புச் சட்டத்துல 44-வது பிரிவு, குறிப்பிட்ட ஏரியாவுல சந்தேகமே இல்லாம யாரையும் நிறுத்தி சோதிக்கலாம்னு இருந்துச்சு. ரெண்டு பேர் ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் வரைக்கும் போனாங்க, 2010-ல இது தனிமனித வாழ்க்கை உரிமைக்கு எதிரானதுன்னு தீர்ப்பு வந்துச்சு, அப்புறம் அந்தப் பிரிவையே எடுத்துட்டாங்க. இப்பவும் சந்தேகம் இல்லாம நிறுத்தற அதிகாரம் வேற ஒரு சட்டத்துல இருக்கு, ஆனா சீனியர் அதிகாரி எழுத்துல அனுமதி கொடுக்கணும், இடமும் நேரமும் குறிப்பிடணும். முக்கியமா, சோதனை போட்டவங்க ஏன்னு எழுதி வைப்பாங்க, அந்தக் காப்பியை நாம கேட்டு வாங்கலாம். ஊர்ல அந்த ஒண்ணு மட்டும் வந்தாலே பாதி குறையும்.

ரிட்டயர்டு ஏட்டு, குன்னூர்

துண்டுச்சீட்டு கொடுக்கறது நல்ல யோசனைதான். நான் இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், உள்ள இருந்தவன் சொல்றதா எடுத்துக்கோங்க. ராத்திரி முழுக்க வயர்லெஸ்ல கேட்டுட்டே இருப்பாங்க, எத்தனை வண்டி பார்த்தீங்க, எத்தனை கேஸ், ஏன் உங்க பாயிண்ட்ல ஜீரோ. கணக்கு காட்டணும்னா ஆளை நிறுத்தித்தான் ஆகணும். கார்ல வர்ற பெரிய மனுஷனை நிறுத்தினா மேலருந்து போன் வரும், அதனால பைக்கும் மினி லாரியும்தான் சிக்கும். கூடலூர் தம்பி சொன்னது பொய் இல்ல. கான்ஸ்டபிளைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அந்த எண்ணிக்கையைக் கேக்கறவங்களைக் கேளுங்க. ஆனா போனைப் பிடுங்கி மெசேஜ் போட்டுக் கேக்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். நாங்க அப்படிப் பண்ணினதில்ல.

கூடலூர் எஸ்டேட் லைன்

நன்றி ஏட்டய்யா. நீங்க இதை எழுதினதே பெருசு.

மண்டி கமிஷன்

எலக்‌ஷன் டைம்ல 50,000 ரூபாக்கு மேல கையில இருந்தா எடுத்துக்கறாங்களே, அது எந்தச் சட்டம்? வியாபாரிங்க மண்டியில கேரட், உருளை வித்த காசை ராத்திரி எடுத்துட்டு மலை ஏறறோம்.

குன்னூர் ஜூனியர்

அது தேர்தல் கமிஷனோட நடைமுறை உத்தரவு, நடத்தை விதி அமல்ல இருக்கற வரைக்கும்தான். பறக்கும் படை, நிலையான கண்காணிப்புக் குழுன்னு தனித்தனியா இருப்பாங்க, கூட வீடியோ எடுக்கணும். அங்க யாரையும் விடறதில்ல, 2024 ஏப்ரல்ல ராகுல் காந்தி வந்து இறங்கின ஹெலிகாப்டரையே நீலகிரியில பறக்கும் படை சோதிச்சாங்க. நீங்க மண்டி பில், பட்டியல் சீட்டு, பேங்க் ஸ்லிப் ஏதாவது கையில வச்சிருங்க. எடுத்துட்டாலும் ரசீது கொடுக்கணும், மாவட்டத்துல மூணு அதிகாரிங்க கொண்ட குழு இருக்கு, அங்க கணக்கு காட்டினா திரும்பக் கிடைக்கும்.

இ-பாஸ் பத்தியும் சிலர் தனியா கேட்டாங்க. அது சென்னை ஹைகோர்ட் உத்தரவு, 2024 மே 7-லருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது, 2025 ஏப்ரல்லருந்து வண்டி எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வச்சாங்க, நீலகிரிக்கு சாதாரண நாள்ல 6,000, வார இறுதியில 8,000, கொடைக்கு 4,000, 6,000. நீலகிரியில பதிவான டி.என். 43 வண்டிக்கு அது வேண்டாம். இ-பாஸ் பார்க்கறதுன்னா கியூஆர் கோடைப் பார்க்கறதுதான். அதுக்காக நிறுத்தினதைச் சாக்கா வச்சு டிக்கி, டேஷ்போர்டு, பர்ஸ்னு போறதுதான் இப்ப பழக்கமா ஆயிட்டு இருக்கு, எனக்கு பெரிய கவலையே இதுதான். ஒரு வேலைக்காக நிறுத்தற அதிகாரத்தை இன்னொரு வேலைக்கு எடுத்துக்கறாங்க, யாரும் கேக்கறதில்ல.

மசினகுடி ஜீப்

அப்ப ரோட்டுல நிக்கும்போது முடியாதுன்னு சொல்லிடலாமா? சட்டம் நம்ம பக்கம்தானே.

குன்னூர் ஜூனியர்

தயவுசெஞ்சு கை கலப்புக்கோ வாக்குவாதத்துக்கோ போயிடாதீங்க. தள்ளிவிட்டா, கையைத் தட்டிவிட்டா பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்ல 132, அரசு ஊழியரை வேலை செய்யவிடாம தாக்கினதா கேஸ். தடுத்தாலே 221. அதுபோக பிஎன்எஸ்எஸ்ல 172-ன்னு புதுசா ஒரு பிரிவு வந்திருக்கு, குற்றத்தைத் தடுக்கற வேலையில போலீஸ் சொல்ற சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்படணும், கேக்கலன்னா பிடிச்சு வச்சுட்டு, சின்ன விஷயம்னா 24 மணி நேரத்துக்குள்ள விடலாம்னு. "சட்டப்படியான" உத்தரவுன்னு எழுதியிருக்கு, ஆனா அது சட்டப்படியானதான்னு ரோட்டுல நின்னு நாம தீர்ப்பு சொல்ல முடியாது.

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது: மரியாதையா, நிதானமா, "சார் எதுக்காகப் பார்க்கறீங்கன்னு சொல்லுங்க, எனக்கு இதுல சம்மதம் இல்ல, ஆனா நான் தடுக்க மாட்டேன்"னு வாய்விட்டுச் சொல்லுங்க. சட்டைப் பேட்ஜ்ல பேர், ஜீப் நம்பர், நேரம் கவனிச்சு வைங்க. ஏதாவது எடுத்தாங்கன்னா லிஸ்ட் கேளுங்க. தேடுதல், கைப்பற்றலை ஆடியோ வீடியோவா எடுத்து மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பணும்னு பிஎன்எஸ்எஸ் 105 சொல்லுது, போன்லயே எடுக்கலாம்னு போட்டிருக்கு, அதனால "சார் வீடியோ எடுத்துட்டுப் பாருங்க"ன்னு கேக்கறதுல தப்பே இல்ல.

ஒரு கசப்பான விஷயமும் சொல்லிடறேன். முறைகேடா தேடி எடுத்த பொருள்னாக்கூட நம்ம நாட்டுல அது சாட்சியமா பெரும்பாலும் செல்லும், 1974 பூரன் மல் கேஸ்லருந்து இதுதான் நிலைமை, என்டிபிஎஸ் 50-வது பிரிவு மாதிரி சில இடம்தான் விலக்கு. அதனால அன்னைக்கே விட்டுட்டு கோர்ட்டுல பார்த்துக்கலாம்னு இருந்தா பாதிப்பேருக்கு ஒண்ணும் நடக்காது, ஏன்னா ஒண்ணும் கிடைக்காம விட்டவங்களுக்கு கேஸே இருக்காது, கோர்ட்டுக்கே வராது. உங்க லோடுமேன் தம்பிக்கும் கூடலூர் தம்பிக்கும் நடந்தது எந்த ரெக்கார்டுலயும் இல்ல. அதை ரெக்கார்டுக்குக் கொண்டு வர்ற ஒரே வழி எழுத்துல புகார்தான். எஸ்.பி.க்குக் கொடுங்க, மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்பலாம், ஆனா நடந்து ஒரு வருஷத்துக்குள்ள அனுப்பிடணும், அதுக்கு மேல எடுக்க மாட்டாங்க.

மஞ்சூர் டீச்சர்

நான் ஒண்ணு சொல்லலாமா. போலீஸ் வேண்டாம்னு யாரும் இங்க சொல்லல, நானும் செக்கிங் இருக்கணும்னுதான் இன்னும் சொல்றேன். ஆனா லைட் வெளிச்சத்துல, கேமரா முன்னாடி, ஒரு எஸ்.ஐ. இருந்து, ஏன்னு சொல்லிட்டுப் பார்க்கட்டும். அப்படி நடந்தா என் வகுப்புப் பிள்ளைங்களுக்கு போலீஸ் மேல நம்பிக்கை வரும், தகவலும் தைரியமா சொல்வாங்க. இப்ப ஒரு பிள்ளையும் வாய் திறக்க மாட்டேங்குது, யாரு விக்கறான்னு தெரிஞ்சாலும்.

கேரட்வண்டி, கோத்தகிரி

டீச்சரம்மா சொன்னதையே மனுவா எழுதலாம்னு இருக்கோம். எங்க காய்கறி வண்டி டிரைவர்ங்க கொஞ்சம் பேர் சேர்ந்து ஊட்டி கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர் நாள்ல கொடுக்கறோம். லோடு வண்டியைச் சோதிக்கற இடத்துல லைட்டும் கேமராவும் வேணும், தார்ப்பாய் அவிழ்த்தா நேரத்தையும் காரணத்தையும் எழுதிக் கொடுக்கணும், மூட்டையைக் கம்பியில குத்தாம இறக்கிப் பார்க்கணும், நாங்களே இறக்கித் தர்றோம். போனைத் தொடக்கூடாது. பையன் பேரை மனுவுல போட வேண்டாம்னு அவன் கேட்டுக்கிட்டான், கல்யாணம் இருக்கு, அதனால பொதுவா எழுதறோம். இது போதுமா, வேற என்ன சேர்க்கணும்?

வட்டக்கானல் ஹோம்ஸ்டே

ராத்திரி ஷிஃப்டுல ஒரு பெண் போலீஸாவது இருக்கணும்னு சேருங்க. நாங்க திண்டுக்கல் கலெக்டருக்கு தனியா கொடுக்கறோம், உங்க மனு காப்பியை இங்க போட்டீங்கன்னா அதே மாதிரி எழுதிப்போம்.

குன்னூர் ஜூனியர்

அண்ணா, டிராஃப்ட் போட்டு அனுப்புங்க, பிரிவு நம்பரெல்லாம் நான் சரி பார்த்துத் தர்றேன், காசு வேண்டாம். பொதுவா எழுதினாலும் மாசத்தையும் ஏறக்குறைய நேரத்தையும் போடுங்க, இல்லன்னா விசாரிச்சோம் அப்படி எதுவும் இல்லன்னு ஒரு வரி பதில் வந்துடும்.

ரிட்டயர்டு ஏட்டு, குன்னூர்

கலெக்டருக்குக் கொடுக்கற அதே மனுவை எஸ்.பி. ஆபீஸ் தபால் பிரிவுலயும் கொடுங்க, அவங்க பதில் எழுதற வேலை அங்கருந்துதான் ஆரம்பிக்கும். ரெண்டு இடத்துலயும் மனு ரசீது நம்பர் வாங்காம படி இறங்காதீங்க. நானும் வர்றேன், ஓய்வு பெற்ற தலைமைக் காவலர்னு போட்டு என் கையெழுத்தையும் சேர்த்துக்கோங்க.